நானூறு தொட்டி லாவண்டர்

இளம்பரிதிக்குச் செடி கொடியைப் பற்றி என்ன தெரியும் என்று தனகோட்டியிடம் கேட்டால், அவள் முதலில் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வாள். பிறகு, "வேப்பங்கன்னுக்கும் மலைவேம்புக்கும் வித்தியாசம் தெரியாதுங்க, பாவம்" என்பாள். அந்தப் பாவத்தில் இரக்கம் மருந்துக்கும் இருக்காது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் சில பூங்காக்களையும் ரவுண்டானாக்களையும் பராமரிக்கிற காண்ட்ராக்டை மரகதம் லேண்ட்ஸ்கேப்ஸ் என்றொரு கம்பெனி எடுத்திருந்தது. அதன் நர்சரியில் பன்னிரண்டு பெண்கள். தனகோட்டிக்கு அங்கே பத்தொன்பது வருஷ சர்வீஸ். காண்ட்ராக்டர்கள் மாறினார்கள், வாசல் போர்டு மாறியது, மேல்சட்டையின் நிறம் பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கும் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கும் போனது. தனகோட்டி மட்டும் அதே பச்சை வலைப் பந்தலுக்கு அடியில் அதே செம்மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தாள். நர்சரியைத் தான்தான் தாங்கிப் பிடித்திருப்பதாக அவளுக்கு நினைப்பு. அது முழுக்கப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

அவள் மதிக்கிற ஆள் என்று டவுன்ஷிப்பில் யாரும் கிடையாது. குவார்ட்டர்ஸ் அம்மாக்களைப் பார்த்தால் இளக்காரம். ரோஜாக் கன்று கேட்டு வாங்கிப் போய், எருமையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அதைக் குளிப்பாட்டி, பத்தாம் நாள் "செத்துப்போச்சு, வேற கொடு" என்று வந்து நிற்பார்கள். சூப்பர்வைசர் சமியுல்லாவைப் பார்த்தால் இளக்காரம். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எந்தப் பச்சையும் நீலமும் அவருக்குத் தெரியாது. கூட வேலை செய்கிற பெண்களில் அவள் மிகவும் கேவலமாக நினைத்தது சின்னம்மாளை. காடாம்புலியூர்க்காரி, ஐந்து வயது மூத்தவள். பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்துவிட்டு ஆறு வருஷத்துக்கு முன்புதான் இங்கே சேர்ந்தாள். மெதுவாக நடப்பாள், மெதுவாகப் பேசுவாள், ஒரு கன்றை நட்டுவிட்டு அதன் எதிரே குந்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "கொட்ட ஒடைச்ச கைக்கு நாத்து புடிக்க வருமா?" என்று தனகோட்டி அவள் காதில் விழும்படியே சொல்வாள். சின்னம்மாள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அந்தச் சிரிப்பும் தனகோட்டிக்கு மந்தபுத்தியின் அடையாளமாகத்தான் பட்டது.

ஜூலையில் மேனேஜராக வந்து சேர்ந்தான் இளம்பரிதி. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, செம்மண் ஒட்டாத வெள்ளை ஷூ. வந்த மறுநாளே செம்பருத்தி வரிசையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ரொம்ப லோக்கலா இருக்கே" என்றான். நெய்வேலியில் இருக்கிற செடி லோக்கலாக இல்லாமல் லண்டனாகவா இருக்கும் என்று தனகோட்டி உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு, வெளியே "ஆமாங்க சார்" என்றாள்.

செப்டம்பரில் சமியுல்லா பெண்களைக் கூட்டிவைத்து விஷயத்தைச் சொன்னார். பிப்ரவரியோடு பழைய டெண்டர் முடிகிறது. புது டெண்டரில் நர்சரிக்கு ஆறு பேர்தான். அதில் ஒருத்தி மேஸ்திரி. மீதி ஆறு பேரும் முள் கேங்குக்குப் போக வேண்டும்.

முள் கேங் என்றால் ரோட்டோரத்தில் சீமைக்கருவேலம் வெட்டுகிற வேலை. காலையில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் வெயிலில் இறக்கிவிடுவார்கள், சாயங்காலம் அள்ளிக்கொண்டு வருவார்கள். தனகோட்டிக்கு நாற்பத்தேழு வயது. வலது முட்டி மடங்கினால் நிமிர மறுக்கும். அவள் பயந்தாள். ஆனால் பயம் என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. "யார எங்க போடணும்னு இந்தத் தொப்பிக்காரனா முடிவு பண்ணுவான்?" என்று கோபமாக மாற்றி வைத்துக்கொண்டாள்.

அந்தத் தொப்பிக்காரன்தான் முடிவு பண்ணுவான் என்பது நிஜம்.

அவன் அதே வாரம் தனகோட்டியை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு மொபைலில் ஒரு படத்தைக் காட்டினான். மலைச்சரிவு முழுக்க ஊதாப்பூ. ஒரு சிறிய பாட்டிலைத் திறந்து அவள் மணிக்கட்டில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினான். சவுக்காரமும் கற்பூரமும் கலந்தது போல ஒரு குளிர்ந்த வாசனை.

"இதுதான் லாவண்டர். வெள்ளி மாதிரி இலை இருக்கும். தண்ணியே வேண்டாம், வருஷக்கணக்கா நிக்கும். பிப்ரவரில பெரிய ஆளுங்க பார்க் பார்க்க வர்றாங்க. ஃபவுண்டனைச் சுத்தி நானூறு தொட்டி லாவண்டர் வைக்கப் போறேன். தமிழ்நாட்டுல சமவெளில யாருமே செஞ்சதில்ல."

"கன்னு எங்கேருந்து வருதுங்க சார்?"

"கன்னு இல்ல. விதை. நீதான் போடற." அவன் கண்ணாடியைக் கழற்றினான். "இதை வளர்த்துக் காட்டு. மேஸ்திரி நீதான்."

"வளரலன்னா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் சொல்ல யாரும் தேவையில்லை.

விதை கூரியரில் வந்தது. எள்ளில் பாதிகூட இருக்காது. அதை அவன் விதைக்கக் கொடுக்கவில்லை. ஈரத் துணியில் மடித்து டப்பாவில் போட்டு, ஆபீஸ் ஃபிரிட்ஜில் தயிர்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் மூன்று வாரம் வைத்தான். குளிர்காலம் முடிந்துவிட்டது என்று விதை ஏமாந்து முளைக்குமாம். பெண்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "வெதைக்கு ஏசி போட்டுப் படுக்க வச்சிருக்கான்" என்று தனகோட்டி சொன்னபோது ஒருத்திக்குப் புரையேறியது. சின்னம்மாள் மட்டும், "யாரு கண்டா, குளுரு நாட்டுச் செடியாச்சே" என்றாள். உடனே எல்லாரும் அவளைப் பார்த்தும் ஒருமுறை சிரித்து வைத்தார்கள்.

அக்டோபர் முதல் வாரம் விதையை எடுத்துக் கொடுத்தான். கூடவே உபதேசம். மண்ணில் பாதி மணல் கலக்க வேண்டும். எரு கூடாது. விதையை மேலாகத் தூவி அப்படியே விட வேண்டும், மண் போட்டு மூடவே கூடாது, அதற்கு வெளிச்சம் பட வேண்டும். தண்ணீரைக் கையடி ஸ்ப்ரேயரில் பனி மாதிரி தெளிக்க வேண்டும், அதுவும் மேல்மண் காய்ந்த பிறகுதான்.

"சரிங்க சார்" என்றாள் தனகோட்டி.

அவன் பைக் கேட்டைத் தாண்டியதும், எட்டு ட்ரேயிலும் தொழுவுரம் கலந்த செம்மண்ணை நிரப்பினாள். விதையைத் தூவினாள். மேலே அரை விரற்கடைக்கு மண் போட்டு உள்ளங்கையால் தட்டி மூடினாள். விதையை மூடாமல் விடுவதாவது! எறும்புக்கு விருந்து வைக்கவா அவள் பத்தொன்பது வருஷம் இங்கே இருக்கிறாள்? பிறகு ரப்பர் குழாயை எடுத்தாள். நெய்வேலியில் தண்ணீருக்குப் பஞ்சம் கிடையாது. குழாயைத் திறந்தால் கொட்டும்; யாரும் ஏன் திறந்தாய் என்று கேட்க மாட்டார்கள். அதனால் இந்த ஊரில் செடி வளர்ப்பது என்றால் தண்ணீர் விடுவது என்றுதான் அர்த்தம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, எட்டு ட்ரேயும் சொதசொதவென்று ஊறும்வரை தனகோட்டி தண்ணீர் விட்டாள். சம்பளம் வாங்குகிறோமே என்ற நன்றியோடு விட்டாள்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. மழையும் பிடித்துக்கொண்டது. ட்ரேக்களின் மேல் பாசி படர்ந்து பச்சையாக மினுமினுத்தது. அதைத் தவிர ஒன்றும் முளைக்கவில்லை. இளம்பரிதி தினமும் வந்து குனிந்து பார்ப்பான். "டைம் எடுக்கும். ஒரு மாசம்கூட ஆகும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு போவான். இருபத்தெட்டாம் நாள், "ஏதாவது தப்பு பண்ணினியா தனகோட்டி?" என்று கேட்டான்.

பத்தொன்பது வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வெதை பொக்கு சார், உள்ள ஒண்ணுமே இல்ல" என்று சொல்ல வாயெடுத்தவள் விழுங்கிக்கொண்டாள். பொக்கு என்றால் லாவண்டர் இல்லை. லாவண்டர் இல்லை என்றால் மேஸ்திரி இல்லை. முள் கேங் லாரியின் பின்கதவு அவள் கண்முன் திறந்து நின்றது. "வரும் சார். ரெண்டு நாளு பாருங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, சாக்குப்பை ஒன்றும் களைக்கொத்து ஒன்றுமாக மந்தாரக்குப்பத்தைத் தாண்டி நடந்தாள். ரோட்டோரப் புறம்போக்கில் மழைக்குப் பிறகு பேய்மிரட்டிக் கன்றுகள் கும்பல் கும்பலாக எழுந்திருந்தன. பேய்மிரட்டி யாரும் நட்டு வளர்க்கிற செடி இல்லை. சாம்பல் பூத்த மாதிரி மெத்தென்ற இலை, கசக்கினால் தூக்கலான வாசனை, தையில் ஊதாப்பூ. குழந்தைக்குச் சீர் தட்டி வயிறு போனால் வாசலில் செருகுவார்கள், கொசுவுக்குப் புகை போடுவார்கள், ஆடுகூட வாய் வைக்காது. அதன் எதிரே குந்தி உட்கார்ந்துகொண்டு தனகோட்டி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த மடையனுக்கு இது போதும், இதுவே அதிகம் என்று தோன்றியது. விரல் நீளக் கன்றுகளாகப் பார்த்து வேரோடு பெயர்த்துச் சாக்கை நிரப்பினாள்.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்தாள். எட்டு ட்ரேயையும் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய், பாதை போட வாங்கி மிஞ்சிக் கிடந்த கரகரப்பான சாம்பல் குவியலின் மேல் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். புது மண் நிரப்பிப் பேய்மிரட்டியை வரிசை வரிசையாக நட்டாள். ஒன்பதரைக்கு இளம்பரிதி வந்தான்.

அவன் ட்ரேக்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டான். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்தான், வெள்ளை ஷூவையும் மறந்து. ஒரு இலையைக் கிள்ளி மூக்கில் வைத்துக் கண்ணை மூடினான். "வாசனை வருது பார்! இந்தச் சைஸ்லயே வருது!" நேற்று வரை பாசி படர்ந்த மண்ணில் ஒரே ராத்திரியில் நாலு இலைக் கன்று எப்படி வரும் என்று ஒரு கேள்வி அவன் மண்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ட்ரேயோடு சேர்த்துத் தன்னைப் படம் எடுத்துக்கொண்டான். தனகோட்டி மாட்டிக்கொள்ளத் தயாராக, "சார், அது வந்து…" என்று ஆரம்பித்து வைத்திருந்த பொய்யெல்லாம் வீணாகப் போனது. அவளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. ஏமாறுவதற்காவது ஒரு தகுதி வேண்டாமா இந்த மனுஷனுக்கு?

மார்கழிக்குள் கன்றுகள் தொட்டிக்கு மாறி, புதராகிவிட்டன. அது இன்னதென்று மற்றப் பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். "லாவண்டருக்குத் தண்ணி வுட்டாச்சா?" என்று ஒருத்தி கேட்பாள். "வுட்டாச்சி, ரெண்டு பேயி ஓடிப்போச்சி" என்பாள் இன்னொருத்தி. யாரும் வெளியே மூச்சு விடவில்லை. இளம்பரிதியைக் காட்டிக்கொடுக்காமல் முட்டாளாகவே வைத்திருப்பதில் எல்லாருக்கும் ஒரு சுகம் இருந்தது. சின்னம்மாள் மட்டும் இந்தச் சிரிப்பில் சேரவில்லை. தன் பங்கு வரிசைக்குத் தண்ணீர் விடுவாள், காய்ந்த இலையைக் கிள்ளுவாள், போய்விடுவாள். அவளுக்கு அது பேய்மிரட்டி என்றுகூடத் தெரியவில்லை என்று தனகோட்டி முடிவு கட்டினாள். முந்திரிக்காட்டில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பேய்மிரட்டி தெரியாமல் இருக்குமா என்று யோசிக்க அவளுக்கு அவசியம் ஏற்படவில்லை. கேவலமாக நினைக்கிற ஆளைப் பற்றி யார் இரண்டாம் முறை யோசிக்கிறார்கள்?

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது சின்னம்மாள் அவளைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"தனம், இங்க வாயேன். ஒண்ணு காட்டுறேன்."

சுவரோரம் மூன்று சிறிய தொட்டிகள். உள்ளே பாதி சாம்பல், பாதி மணல். ஒவ்வொன்றிலும் ஒரு விரல் உயரத்தில் ஒரு செடி. ஊசி ஊசியாகக் குறுகிய இலை, வெள்ளி பூசிய நிறம்.

"நீ ட்ரேய கொட்டினியே, அந்தச் சாம்பல் மேல மொளைச்சிகினு இருந்துச்சி. மண்ணு மழையில கரைஞ்சி போயி வெதை மேல வந்துடுச்சி போல. தண்ணி வுடல, எருவு வைக்கல. தானா வந்துச்சி. கைய வச்சிப் பாரேன்."

தனகோட்டி குனிந்து இலையைத் தடவி விரலை முகர்ந்தாள். இளம்பரிதி மணிக்கட்டில் தடவிய அதே வாசனை. சவுக்காரமும் கற்பூரமும் கலந்த, குளிர்ந்த வாசனை. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அவன் சொன்னது அத்தனையும் சரி. மூடக்கூடாது என்றது சரி, எரு கூடாது என்றது சரி, தண்ணீர் கூடாது என்றது சரி. ஃபிரிட்ஜில் வைத்ததுகூடச் சரியாக இருக்கலாம். விதை பொக்கு இல்லை. அவள்தான் மண்ணைப் போட்டு மூடி, தண்ணீரைக் கொட்டி, பத்தொன்பது வருஷ அனுபவத்தால் அதைக் கொன்றிருக்கிறாள். செத்தது போக மிச்சத்தைக் குப்பையில் கொட்டிய பிறகுதான் அது உயிர் பிழைத்திருக்கிறது. இது தெரிந்தபோது அவளுக்கு வந்தது வெட்கம் இல்லை, எரிச்சல்.

"களை அது" என்றாள். "தூக்கிப் போடுக்கா."

"இருக்கட்டும் தனம். வாசனையா இருக்குது."

"சொல்றேன்ல்ல? யாரு கண்ணுலயாவது பட்டா அசிங்கம்."

சின்னம்மாள் எப்போதும் போலச் சிரித்துவிட்டு, தொட்டிகளை இன்னும் கொஞ்சம் சுவரோரமாக நகர்த்தி வைத்தாள்.

அதன் பிறகு தனகோட்டிக்கு மூன்று தொட்டி நினைப்பாகவே இருந்தது. இளம்பரிதி ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் சிறுநீர் கழிக்கப் போனால் போதும். அசல் எது என்று தெரிந்துவிட்டால் மற்ற நானூறும் என்ன என்று கேள்வி வரும். பிடுங்கிப் போட்டால் சின்னம்மாள் கேட்பாள். அதனால் பிடுங்காமல் கொல்ல வழி பார்த்தாள். இந்தச் செடி எதில் சாகும் என்பது இப்போது அவளுக்குத் தெரியும். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு போய் மூன்று தொட்டியிலும் தண்ணீர் வழிய வழிய விட்டாள். மறுநாளும் விட்டாள்.

மூன்றாம் நாள் தொட்டிகள் அங்கே இல்லை. கொட்டகையின் தகரக் கூரை விளிம்பில், வெயில் படும் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன.

"யாரோ தண்ணி வுட்டுட்டாங்க, பாவம், தெரியாம" என்றாள் சின்னம்மாள். அவள் சொன்ன பாவத்தில் வேறு அர்த்தம் எதுவும் இல்லை. தனகோட்டிக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி இரண்டாவது வாரம் பெரிய ஆட்கள் வந்தார்கள். பார்க்கில் ஃபவுண்டனைத் திறந்துவிட்டு, சுற்றிலும் ஐந்து வட்டமாகத் தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பேய்மிரட்டி தன் சாதிக்கே பெருமை சேர்க்கும்படி பூத்திருந்தது. ஊதா ஊதாவாக ஒவ்வொரு கிளையிலும் பூ. நடுவில் 'நெய்வேலியில் ஐரோப்பா' என்று பேனர். இந்தப் பெயரை யோசிக்க இளம்பரிதிக்கு ஒரு வாரம் ஆனதாம். கோட்டு போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்தபடி அவன் வந்தவர்களுக்கு விளக்கினான். குளிர்பதனம் என்றான், ஒளி முளைப்பு என்றான், நுண்ணீர் மேலாண்மை என்றான். நாய்க்குட்டிக்கும் பயன்படாத செடியின் முன்னால் நின்றுகொண்டு அவன் பேசப் பேச, வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். ஒரு பெரியவர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "ஆகா, ஃபாரின் ஃபாரின்தான்" என்றார். மேல்சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றிருந்த பன்னிரண்டு பெண்களில் பதினோரு பேர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

தனகோட்டியின் பார்வை அப்போதுதான் கடைசி வட்டத்தில் போய் நின்றது. பூத்துக் குலுங்குகிற தொட்டிகளுக்கு நடுவே மூன்று சிறிய தொட்டிகள். வெள்ளி இலை. பூ இல்லை.

காலையில் வண்டியில் ஏற்றும்போது மூன்று தொட்டி உடைந்திருக்கிறது. நானூறு என்று எழுதிக் கொடுத்த சமியுல்லா, நானூறு குறையக் கூடாதே என்று கூரை விளிம்பில் இருந்ததை எடுத்து அடுக்கிவிட்டார். இலை ஒரே நிறமாகத்தான் இருக்கிறது என்று அவருக்குத் திருப்தி.

இளம்பரிதியும் அதைப் பார்த்துவிட்டான்.

"இதென்ன? யார் இதை இங்க வச்சது?"

"அது… சின்னம்மாள் வளர்த்துகினு இருந்ததுங்க சார்" என்றார் சமியுல்லா.

வந்தவர்களில் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், ஏற்கெனவே அந்தச் சிறிய தொட்டியின் மேல் குனிந்திருந்தார். விரலால் இலையை நீவி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"மிஸ்டர் இளம்பரிதி, எனக்கு இதுதான் லாவண்டர் வாசனை மாதிரி இருக்கே?"

இளம்பரிதி குனிந்தான். முகர்ந்தான். தன் மேசை இழுப்பறையில் இருக்கிற பாட்டிலின் வாசனையைத் தன் மூக்கின் கீழேயே வைத்துக்கொண்டு அவன் முகம் சுளித்தான். பூவில்லை, புதரில்லை, பேனர் படத்தில் இருப்பது போல எதுவும் இல்லை. ஆனாலும் அந்த அம்மா பெரிய இடம். அவன் நிமிர்ந்து தேடினான்.

"தனகோட்டி! இங்க வா. மேடம், இவங்கதான் இதைப் போட்டு வளர்த்தவங்க, இருபது வருஷ அனுபவம். நீ சொல்லு, இது என்ன செடி?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தனகோட்டி நடந்து வந்து அந்த மூன்று தொட்டியின் முன்னால் நின்றாள். குனியத் தேவையே இல்லை, வாசனை நின்ற இடத்துக்கே வந்தது. சின்னம்மாள் வரிசையில் கடைசியாக நின்றுகொண்டிருந்தாள். ஆறு பேர் பட்டியலில் அவள் பெயர்தான் ஆறாவது என்று முந்தின நாள்தான் சமியுல்லா சொல்லியிருந்தார். தனகோட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெயர் முதலாவதாகும். தன் பெயர் எங்கே போகும் என்பதும் தெரியும்.

"களைங்க மேடம்" என்றாள். "ரோட்டோரத்துல தானா மொளைக்கும்."

அந்த அம்மா விரலைத் துடைத்துக்கொண்டார். "ஓ" என்றார். இளம்பரிதிக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் அது கோபமாகச் சின்னம்மாள் பக்கம் திரும்பியது.

"ஏம்மா, களையைத் தொட்டில வச்சு வளர்த்து, பெரிய மனுஷங்க முன்னாடி கொண்டுவந்து வைக்கறியா? செடி எது களை எதுன்னு தெரியாதா உனக்கு?"

சின்னம்மாள் அவனைப் பார்க்கவில்லை. தனகோட்டியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் எல்லாம் இல்லை. பிறகு சொன்னாள்:

"ஆமாங்க. அடையாளம் தெரியாம வளத்துட்டேங்க."

"பாய், ஆறாவது பேரை மாத்துங்க. தனகோட்டி, அதைப் பிடுங்கிப் போடு."

தனகோட்டி பிடுங்கினாள். வேர் பிடிவாதமாக ஒன்றும் இல்லை, சாம்பலை உதிர்த்துக்கொண்டு சுலபமாக வந்தது. மூன்றையும் ஃபவுண்டனுக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்தபோது கைதட்டல் கேட்டது. பேனருக்குக் கீழே அவளையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். யாரோ சால்வை போட்டார்கள். அவள் கையை மூக்கின் பக்கம் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் நர்சரி கேட்டுக்குப் பக்கத்தில் சின்னம்மாள் தன் மேல்சட்டையை மடித்துச் சமியுல்லாவின் மேசையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு லாரி. தனகோட்டி வழியில் நின்றாள். என்ன சொல்வதற்காக நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. வழக்கம்போல ஏதாவது குத்தலாகச் சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தாள்.

"உனக்குத் தெரியுமாக்கா?" என்று கடைசியில் கேட்டாள். "அந்த நானூறும் என்னான்னு?"

"பேய்மிரட்டி எனக்குத் தெரியாதா, தனம்? எங்க கொல்லையெல்லாம் அதான்."

"அப்ப ஏன் அங்க சொல்லல? சொல்லியிருந்தா நீ மேஸ்திரி."

சின்னம்மாள் தூக்கைக் கை மாற்றிப் பிடித்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தனகோட்டிக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீ ரொம்பப் பயந்துகினு இருந்த. செப்டம்பர்லேருந்தே பாத்துகினுதான் இருந்தேன். தண்ணி வுட்டப்பவும் பாத்தேன். எனக்கு வெயிலு பழக்கம், நான் போயிடுவேன். ஒன்னால ஆவாது, முட்டி வேற வலிக்கும் ஒனக்கு." அவ்வளவுதான் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மெதுவாக, எப்போதும் நடக்கிற அதே நடையில் நடந்து போனாள்.

ஆறு வருஷமாகத் தான் புழுவைப் போலப் பார்த்த ஒருத்தி தன்னைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறாள். அதுவும் ஆறு மாசமாக. தனகோட்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போய் அவள் கையைப் பிடிக்கலாம் என்று தோன்றியது, போய் ஒரு அறை கொடுக்கலாம் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் சால்வையோடு அங்கேயே நின்றாள்.

பின்னால் ஆபீஸ் வாசலில் இருந்து இளம்பரிதி சந்தோஷமாகக் கத்தினான். அடுத்த வருஷம் ரெண்டாயிரம் தொட்டி கேட்டிருக்கிறார்களாம், இந்தச் செடியிலிருந்தே விதை எடுத்து வைக்க வேண்டுமாம்.

"மேஸ்திரி!" என்று கூப்பிட்டான். "மேஸ்திரி, காதுல விழலையா?"

அவன் மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகுதான், கூப்பிடுவது தன்னை என்று தனகோட்டி திரும்பினாள். "வரேங்க சார்" என்றாள்.